வாடாத தழை

முதலில் ஒரு வாளைத்தான் ஒளித்து வைத்தான் கவியரசன். முகில்மலை உச்சியில், பேசும் நரிகள் காவல் காக்கும் குகைக்குள். நண்பர்கள் மூவரும் அதைக் கண்டுபிடித்தார்கள். அடுத்து வந்த சந்தையிலேயே விற்றுவிட்டார்கள். பிறகு ஓர் இளவரசியைக் கடத்த வைத்தான். "அவளுக்குக் கால் இருக்குது இல்ல, அவளே வந்துடுவா, வுடு" என்றாள் நிர்மலா. அதற்குப் பிறகு ஒரு பொன் நந்தி. ஆகாஷ் அதன் எடையைக் கேட்டான். எடையைச் சொன்னதும், தூக்க ஆளில்லை என்று பாதி வழியில் திரும்பிவிட்டார்கள்.

முகில்மலை எந்த வரைபடத்திலும் கிடையாது. கள்ளக்குறிச்சியில், கச்சிராயபாளையம் சாலையில் இருந்த கவியரசனின் பிளெக்ஸ் கடை மாடியில், ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் மட்டும் அது இருந்தது. சென்னையில் டிசைனராக வேலை பார்த்த காலத்தில் அறைத்தோழர்களிடம் அவன் கற்றுக்கொண்ட ஆட்டம் அது. ஒருவன் கதையை நடத்துவான். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, இந்தக் கதவைத் திறக்கிறேன், இந்த ஆற்றைத் தாண்டுகிறேன் என்று வாயால் சொல்வார்கள். முடிந்ததா இல்லையா என்பதை இருபது முகம் கொண்ட பகடை சொல்லும். பெரிய எண் விழுந்தால் நல்லது. அச்சுப் பிசகிய பிளெக்ஸைத் திருப்பிப் போட்டு, அதன் வெள்ளை முதுகில் மார்க்கரால் மலையையும் ஆறுகளையும் வரைந்து வைத்திருந்தான். கதையை நடத்துகிறவன் என்பதால் ஆகாஷ் அவனைக் கண்டக்டர் என்று கூப்பிட்டான்.

ஆகாஷ் பக்கத்துக் கடையில் செல்போன் பழுது பார்ப்பவன். நிர்மலா எதிர்ச்சாரியில் மெடிக்கலில் மருந்து எடுத்துக் கொடுப்பவள். மூன்றாவது ஆள் சரத்குமார், வடக்கனந்தல்காரன். கல்வராயன் மலையில் குச்சிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு வந்து ஜவ்வரிசி ஆலைகளில் இறக்கும் குட்டியானை வண்டி ஓட்டினான். குறைவாகப் பேசுவான். ஆட்டத்திலும் வில்லாளி வேடம்தான் எடுத்திருந்தான். மற்றவர்கள் சண்டை போடும்போது தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பான்.

"கண்டக்டரே, அடுத்த வாரமும் இப்டியே இருந்துச்சுன்னா நான் வூட்ல துணி ஊற வெச்சுட்டு வரவே மாட்டேன்" என்று நிர்மலா சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த வாரம் முழுக்கக் கவியரசன் அதையே யோசித்தான். கடையில் கண்ணீர் அஞ்சலி பேனர்கள் வந்துகொண்டிருந்தன. கல்யாணப் படத்திலிருந்தும் சுற்றுலாப் படத்திலிருந்தும் இறந்தவரின் முகத்தை மட்டும் வெட்டி எடுக்க வேண்டும். தோளில் கிடக்கும் அடுத்தவர் கையை அழிக்க வேண்டும். இதைச் செய்துகொண்டிருக்கும்போதுதான் அவனுக்குப் பிடிபட்டது. வாளில் குறை இல்லை. அது கிடைக்காவிட்டால் யாருக்கும் தூக்கம் கெடாது. குறை அங்கேதான் இருந்தது. தேடப்படுவது ஓர் ஆளாக இருக்க வேண்டும். அந்த ஆளுக்காக எங்கோ ஒரு வீட்டில் கதவைச் சாத்தாமல் வைத்திருக்க வேண்டும்.

சரத்தின் அண்ணன் இளவரசன் மலையில் காணாமல் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. மரம் ஏற்றும் கூலிக்காக ஒரு மேஸ்திரியோடு போனவர். வேலை முடிந்து எல்லோரும் லாரியில் இறங்கும்போது, குறுக்கு வழியில் நடந்தே வந்துவிடுகிறேன் என்று பிரிந்திருக்கிறார். அன்று நல்ல மழை. அவர் வீட்டுக்கு வரவில்லை. போலீஸ் தேடியது, மலை ஊர்க்காரர்கள் தேடினார்கள், சரத் இன்றைக்கும் வண்டி ஓட்டிக்கொண்டே தேடுகிறான். ஒருமுறை டீ குடிக்கும்போது, கேட்காமலேயே சொன்னான்: "எங்க அண்ணன் காட்டுல முன்னாடி போனா, வழி பிரியற எடத்துல ஆவாரந்தழைய ஒடிச்சிப் போட்டுட்டுப் போவும். பின்னாடி வர்ற நான் அதப் பாத்துக்கினே போயிடுவேன்."

சரத்தின் அண்ணனை எடுத்துக்கொள்கிறோம் என்று கவியரசன் தனக்குள் சொல்லிக்கொள்ளவில்லை. காணாமல் போகிறவர்கள் எங்கும் உண்டு என்று சொல்லிக்கொண்டான். பெயரை வேங்கையன் என்று வைத்தான். கூலியாளை அரசனின் வழிகாட்டியாக்கினான். அந்த வழிகாட்டி திரும்பாததால் மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரே வெளியேற வழி தெரியாமல் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று ஒரு கதை கட்டினான். எல்லாவற்றையும் மாற்றினான். தழையை மட்டும் அப்படியே விட்டுவைத்தான். அது நன்றாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவன் சொன்னான்: "பாதை ரெண்டாப் பிரியுது. எடது பக்கத்துல தழை ஒடிச்சிப் போட்டுக் கெடக்குது."

ஆகாஷ் வலது பக்கம் போகலாம் என்றான். நிர்மலா கொட்டாவி விட்டாள். சரத் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான்.

"இன்னா தழை?"

"ஆவாரந்தழை."

சரத் அவனைப் பார்த்தான். அவ்வளவு நேராக அவன் யாரையும் பார்த்துக் கவியரசன் கண்டதில்லை.

"வாடியிருக்குதா?"

அந்தக் கேள்வியைக் கவியரசன் எதிர்பார்க்கவில்லை. நினைத்திருந்தால் யோசித்திருக்கலாம். ஆட்டம் சூடு பிடித்துவிட்டது என்ற ஒரே சந்தோஷத்தில் பதில் வந்துவிட்டது.

"வாடல."

சரத் பகடையைக் கையில் எடுத்து மூடிக்கொண்டான். "எடது பக்கம்தான் போறோம்" என்றான்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களில் முகில்மலை உயிரோடு இருந்தது. சரத் எல்லோருக்கும் முன்னால் வந்து மாடிப்படியில் உட்கார்ந்திருப்பான். வில்லாளி முன்னால் நடந்தான். அவன் வேகத்தில் மற்ற இருவரும் இழுபட்டார்கள். நிர்மலா வாரநாளில் மெடிக்கலிலிருந்து எட்டிப் பார்த்து, "அந்தப் பாலத்த அறுத்தது யாருன்னு மட்டும் சொல்லிடு, தல வெடிக்குது" என்று கேட்டாள். கவியரசன் தூங்கப் போகும்போது வேங்கையனைச் செய்துகொண்டிருந்தான். அருவிக்குப் பின்னால் ஒரு குகை. விழுந்து உடைந்த கால், கோணலாகக் கூடியிருக்கிறது. தேனும் தினையும் கொடுத்து யாரோ காப்பாற்றியிருக்கிறார்கள். நரைத்த தாடி. தன்னை யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று காத்திருக்கிற ஆள். இவ்வளவு நல்ல ஒரு ஆளை அவன் இதுவரை செய்ததில்லை.

வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நீலப் புடவை கட்டிய பெண் ஒருத்தி கடைக்குள் வந்தாள். முப்பது வயது இருக்கும். ஒரு சின்னப் பெண் குழந்தை அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"கண்ணீர் அஞ்சலி போடணும்ங்க."

"போட்டோ இருக்குதுங்களா?"

கைப்பேசியை நீட்டினாள். கல்யாணப் படம். மாலையோடு ஒரு ஆள், பக்கத்தில் அவளே. பெயர் கேட்டான்.

"இளவரசன்."

கவியரசன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தான்.

"நீங்கதான கவியரசன்?" என்றாள் அவள். "சரத்து அண்ணிங்க நானு. அபிநயா."

ஸ்டூலை எடுத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை. குழந்தையை உட்கார வைத்தாள்.

"எங்க பக்கத்துல ஆளு கெடைக்காமப் போச்சின்னா, கூடப் பொறந்தவன் ஏரிக்கரையில நின்னு பேரு சொல்லி மூணு வாட்டிக் கூப்புடணும். பதிலு வரலன்னாதான் வைக்கோல்ல ஆளு செஞ்சி, சட்ட போட்டு, எரிச்சி காரியம் பண்ணுவாங்க. கூப்புடாம ஒன்னும் பண்ண மாட்டாங்க. இந்த மாசம் கூப்புடறேன்னு சரத்து ஒத்துக்கினான். இப்ப முடியாதுன்றான். அண்ணன் இருக்காரு அண்ணி, தழ வாடலன்றான். இன்னாடா தழன்னு கேட்டா உங்க பேரச் சொல்றான்."

"அது வெளாட்டுங்க."

"உங்களுக்கு."

வெளியே ஒரு டவுன் பஸ் வெகுநேரம் ஹாரன் அடித்தது.

"பொட்டு வெச்சா யாருக்குடி மினுக்கறன்றாங்க. வெக்கலன்னா புருசன இப்பவே சாவடிக்கிறியான்றாங்க. எங்கக்கா திருப்பூர்ல இருக்குது. கம்பெனில எடம் சொல்லி வெச்சிருக்குது. இவள அங்க ஸ்கூல்ல சேக்கணும், தொறக்கப் போறாங்க. எங்க மாமியா வுட மாட்டேங்குது. அவன் வந்து நிக்கறப்ப நீ வூட்ல இல்லன்னா இன்னா ஆவறதுன்னு கேக்குது. அதுக்கு நான் இன்னாங்க சொல்றது?"

கவியரசன் ஸ்டூலில் இருந்த குழந்தையைப் பார்த்தான்.

"அந்த வெளாட்டுல அவர இன்னா பண்ணப் போறீங்க?" அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உயிரோட வெச்சிருக்கீங்களா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அதுவே பதிலாகிவிட்டது.

"எனக்கு மட்டும் வரக் கூடாதுன்னா இருக்குது" என்றாள். "ரெண்டு வருசமா கொழம்புக்கு உப்புப் பாக்கும்போதுகூட அவரு ருசிக்குத்தான் பாக்கறேன். போதும்ங்க. போட்டோ அனுப்பி வெக்கறேன். இப்ப அடிக்க வேணாம். செஞ்சி மட்டும் வைங்க."

அவள் போன பிறகு படத்தைத் திறந்தான். இளவரசனின் வலது தோள் முழுக்க அவளுடைய மாலைக்குப் பின்னால் இருந்தது. அவளை அழித்தால் தோளும் போய்விடும். வேறு யாருடைய தோளையோ எடுத்து ஒட்டினான்.

மறுநாள் மாலை சரத்தைக் கச்சிராயபாளையத்து டீக்கடைக்கு வரச் சொன்னான். கிழங்கு இறக்கிவிட்டு, சட்டையெல்லாம் மண்ணோடு வந்தான் சரத். கவியரசன் சுற்றி வளைக்காமல் சொன்னான்: "அந்தத் தழை நான் சும்மா சொன்னதுடா. நீ கேட்ட, வாயில வந்துச்சு. அதுக்கும் உங்க அண்ணனுக்கும் ஒன்னும் கெடையாது."

"தெரியும்" என்றான் சரத். "நீ சும்மாதான் சொன்ன. சும்மா சொல்றப்ப உன் வாயில ஏன் அது வரணும்?"

வண்டிக்குப் போய் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு கிளையை எடுத்து வந்தான். ஆவாரம்பூ இன்னும் மஞ்சளாக இருந்தது. "கரியாலூர் தாண்டி, ஒத்தையடி எறங்கற எடத்துல கெடந்துச்சு. நேத்து."

"மலையில யார் வேணா ஒடிச்சிப் போடுவாங்கடா. ஆடு மேய்க்கறவன் போடுவான்."

"போடுவான்."

"நான் வேணா மாத்திடறேன். தழை வாடியிருந்துச்சின்னு சொல்லிடறேன்."

சரத் டீ கிளாசை வைத்தான். முகத்தில் முதல்முறையாகக் கோபம் தெரிந்தது. "அது போங்கு. ஒருக்கா சொன்னத மாத்தக் கூடாதுன்னு மொதல் நாளு யாருடா சொன்னது? ஆகாஷு நந்தி எடையக் கம்மி பண்ணுடான்னு கெஞ்சினானே, பண்ணியா?"

கவியரசன் இல்லை என்று தலையசைத்தான். கோமுகி அணைப் பக்கமிருந்து காற்று வந்தது. கடைக்காரர் காலி கிளாஸ்களை எடுத்துக்கொண்டு போய் வெகுநேரமான பிறகு சரத் சொன்னான்: "இந்த ஞாயித்துக்கெழம முடிச்சிடலாம். வூட்லயும் சொல்லிட்டேன். அன்னிக்குத் தெரிஞ்சிடும்னு."

"இன்னா தெரிஞ்சிடும்?"

"கூப்புடணுமா வேணாமான்னு."

கவியரசன் அந்த நான்கு இரவுகளும் சரியாகத் தூங்கவில்லை. குகையை மண்சரிவில் மூடிப் பார்த்தான். வேங்கையனைப் பிணமாகக் கிடத்திப் பார்த்தான். கிடத்திய உடனே அந்த ஆள் எழுந்து உட்கார்ந்துகொண்டார். பிணம் என்றால் சரத் தொட்டுப் பார்க்கிறேன் என்பான். கையைப் பார்க்கிறேன், கழுத்தைப் பார்க்கிறேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்பான். ஒவ்வொன்றையும் வாய் திறந்து சொல்ல வேண்டும். உயிரோடு வைத்தால் வேறு சிக்கல். அபிநயாவின் மாமியார் அந்த வீட்டின் கதவைத் திறந்தே வைத்திருப்பாள். உள்ளே அபிநயா இருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை சரத் துவைத்த வெள்ளைச் சட்டையில் வந்தான். ஆகாஷ், "இன்னா மாப்ள, பொண்ணு பாக்கப் போறியா?" என்றான். யாரும் சிரிக்காததைக் கண்டு வெட்கிப்போய் பகடைகளை எடுத்து வைத்தான். நிர்மலா, சரத்தின் முகத்தையும் கவியரசனின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். தன் வேடத்துக்கு வரும் முறைகளையெல்லாம் அவள் வேகமாக முடித்து, சரத்துக்கு வழிவிட்டாள்.

அருவிக்கு எதிரே இருந்த பாறைக்கு வந்து சேர்ந்தார்கள்.

"கயிறு கட்டி எறங்கலாம்" என்றான் ஆகாஷ்.

"வேணாம். நான் இங்கேருந்து கூப்புடறேன்" என்றான் சரத்.

"கூப்பிட்டா அரக்கனுங்க வந்துடுவானுங்கடா."

"வரட்டும்."

பகடையை உருட்டினான். அது பிளெக்ஸின் மேல் ஓடி, மார்க்கரில் வரைந்த ஆற்றைத் தாண்டி நின்றது. ஆகாஷ் துள்ளி எழுந்தான். "இருவது! டேய், இருவதுடா!" இருபது விழுந்தால் நினைத்தது முழுதாக நடக்கும் என்பது ஆட்டத்தின் விதி.

சரத் எழுந்து நின்றான். இந்த ஆட்டத்தில் யாரும் எழுந்து நிற்பதில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக்கொண்டான்.

"இளவரசண்ணா!"

வேங்கையன் என்று அவன் கூப்பிடவில்லை. ஆகாஷ் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். நிர்மலா அவன் முழங்கையைப் பிடித்தாள்.

கவியரசனிடம் பதில் தயாராக இருந்தது. இவ்ளோ நேரமாடா வர்றதுக்கு, என்று கரகரத்த குரலில் குகையிலிருந்து கேட்க வேண்டும். எத்தனையோ முறை தனியாகச் சொல்லிப் பார்த்த குரல். அது தொண்டையில் ஏறி வந்து நின்றது. அவன் வேறொன்றைச் சொல்லத் தொடங்கினான்.

"இருவது விழுந்திருக்குது. அதனால மலையில கேக்கற அத்தனையும் உனக்குக் கேக்குது. அருவி வுழற சத்தம். அதுக்கு அடியில கூழாங்கல்லு உருளற சத்தம். பொந்துல தேனீ. தூரத்துல யாரோட மாட்டுக் கழுத்துலயோ மணி. எல கீழ வுழறதுகூடக் கேக்குது."

நிறுத்திக்கொண்டான்.

சரத் காத்திருந்தான். பிறகு இன்னொரு முறை கூப்பிட்டான். கீழே சாலையில் யாரோ நின்று மாடியை அண்ணாந்து பார்த்தார்கள். கவியரசன் பேசவில்லை. அவன் வேலையே பதில் சொல்வதுதான். கதவைத் தட்டினால் யார் என்று சொல்வதும், கல்லை எறிந்தால் எங்கே விழுந்தது என்று சொல்வதும் அவன்தான். இதுவரை அந்த மலையில் அவன் பதில் சொல்லாத ஒரு சத்தம் இருந்ததில்லை.

மூன்றாவது முறை சரத்தின் குரல் பாதியில் உடைந்தது. அதற்கும் சேர்த்து அவன் காத்திருந்தான். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நிர்மலாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது, அவள் துடைக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று யாருக்கும் தெரியாது. ஜன்னல் வெயில் பிளெக்ஸின் ஓரத்துக்கு வந்துவிட்டது.

"அவ்ளோதானா?" என்றான் சரத், திரும்பாமல்.

"அவ்ளோதான்."

ஆகாஷும் நிர்மலாவும் செருப்பை மாட்டிக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கிப் போனார்கள். சரத் பகடைகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டான். வரைபடத்தைச் சுருட்ட உதவி செய்தான். இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு அவர்கள் எதிரெதிரே நின்றபோது கேட்டான்:

"நீதான் எல்லாத்தையும் முன்னாடியே யோசிச்சி வெப்பியே. அந்தக் கொகையில யார வெச்சிருந்த?"

கோணல் காலோடு அந்த ஆள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தார். வாசல் வரை வந்துவிட்டிருந்தார்.

"யாரையும் வெக்கல" என்றான் கவியரசன்.

சரத் அவனையே பார்த்தான். நம்பினானா என்று கவியரசனுக்கு அப்போதும் தெரியவில்லை, பிறகும் தெரியவில்லை. சரத் தன் பக்கத்து முனையை மெதுவாகச் சுருட்டிக்கொண்டு வந்து அவன் கையில் கொடுத்தான்.

"நாளைக்கு விடியக் கருக்கல்ல ஏரிக்கரையில கூப்புடுவேன். பெரியவங்க இருப்பாங்க, அவங்களுக்காக." சற்று நிறுத்தினான். "அண்ணி போட்டோ குடுத்துச்சாமே. அடிச்சிடு. போற வழியிலயே எடுத்துக்கினு போயிடறேன்."

கீழே வந்து கணினியைத் திறந்தார்கள். ஒட்டிய தோளோடு இளவரசன் திரையில் இருந்தார். சரத் படத்தைப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றான். பெயரைச் சரிபார்த்தான். கீழே பூக்களுக்கு நடுவில் இரண்டு கட்டங்கள் இருந்தன. தோற்றம் என்ற கட்டத்துக்கு அண்ணன் பிறந்த தேதியைச் சொன்னான். மறைவு என்ற கட்டம் காலியாக இருந்தது.

கவியரசன் விசைப்பலகையில் விரல்களை வைத்துக்கொண்டு காத்திருந்தான். கேட்க அவனால் முடியவில்லை. லாரியிலிருந்து அவர் பிரிந்து நடந்த அந்த மழை நாளைச் சரத் சொல்வான் என்று நினைத்தான். அந்தத் தேதி சரத்துக்கு மனப்பாடம்.

சரத் சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னிக்குத் தேதியே போட்டுடு" என்றான்.

கவியரசன் தட்டினான். எண்கள் சரியாக விழுந்திருக்கின்றனவா என்று சரத் திரைக்கருகே குனிந்து பார்த்தான்.